குரங்கணி: இறக்கத்தில் நடந்தது

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிநாயக்கனூருக்கு மேற்கே, குரங்கணி மலையின் புல்சரிவில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டு மலையேற்றக் குழுக்கள் பிற்பகலில் காட்டுத்தீயில் சிக்கின. ஒன்று சென்னையிலிருந்து வந்தது. மகளிர் தினத்தை ஒட்டி ஏற்பாடான பயணம், வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மற்றது ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் குழு. சென்னைக் குழுவுக்குச் சனிக்கிழமை ஏறி, மேலே இரவு தங்கி, ஞாயிறு இறங்குவது திட்டம். சம்பவ இடத்தில் 9 பேர் இறந்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் மருத்துவமனைகளில் ஒருவர் பின் ஒருவராக இறக்க, எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது.

தீயை வைத்தது யார் என்பது விசாரணைக்காரர்களின் கேள்வி. முகாம் நடத்துகிறவர்கள் கேட்க வேண்டியது இன்னொன்று. மார்ச் மாதத்துப் பிற்பகலில், காய்ந்த புல் நிற்கும் சரிவின் நடுவே, அத்தனை பேர் ஒரே நேரத்தில் ஏன் இருந்தார்கள்? அதற்கு விடை தேடினால் மதுரை வட்டாரத்தில் இளைஞர் முகாம்கள் வளர்ந்த கதைக்குள் கொஞ்சம் போக வேண்டியிருக்கிறது.

சரிவுக்கு வந்த வழி

குரங்கணிப் பாதை தேயிலையால் உண்டானது. மூணாற்றுத் தேயிலையைச் சமவெளிக்கு இறக்க 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-ல் அது குறும்பாதை ரயிலானது. அந்த ரயில் வந்து நின்ற இடம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் கோட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போயின. 1924 வெள்ளம் மேலே ரயிலை அடித்துக்கொண்டு போனது. அந்த ரோப்வேயின் பாதிவழியில் உள்ள குடியிருப்புக்கு இன்றும் சென்ட்ரல் என்றுதான் பெயர். 1928-ல் மதுரை – போடி மீட்டர் கேஜ் வந்ததும், மதுரைப் பையன்களுக்கு மேற்கு மலையின் அடிவாரம் 90 கி.மீ. ரயில் பயணமாகச் சுருங்கியது.

முகாம் பழக்கம் இங்கே சாரணர் வழியாக வந்தது. இந்தியாவின் முதல் சாரணர் படை 1909-ல் பெங்களூரில் தொடங்கியது. அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் உரியது. நம் பிள்ளைகளுக்கு இடமில்லை என்பதால் 1916-ல் அன்னி பெசன்ட் சென்னையில் இந்திய சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். பிரிந்து கிடந்த சங்கங்கள் 1950 நவம்பர் 7-ல் பாரத சாரண சாரணியர் இயக்கமாக ஒன்றாயின. அதற்குள் 1948-ல் என்.சி.சி. வந்துவிட்டது, 1969-ல் என்.எஸ்.எஸ். வந்தது. மதுரையில் இவர்கள் எல்லோருக்கும் பயிற்சிக்களம் ஊரைச் சுற்றியே இருந்தது: நாகமலை, பசுமலை, யானைமலை, கொஞ்சம் தள்ளி அழகர்மலை, இன்னும் தள்ளி சிறுமலை.

சாரணர் முறையில் அலுப்பூட்டும் சில விதிகள் உண்டு. ஆறிலிருந்து எட்டுப் பேர் ஓர் அணி. அணிக்கு ஒரு தலைவன், ஒரு துணைத்தலைவன். தலைவன் முன்னால் நடப்பான், துணை கடைசியில் நடப்பான், துணையைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. நின்ற இடத்திலெல்லாம் விசில், வரிசை, எண் சொல்லுதல். போகும் வழியை எழுதிக் கீழே ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது. பதினான்கு வயதில் இதெல்லாம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

2000-க்குப் பிறகு வேறொரு வகைக் குழு வந்தது. இணையத்தில் அறிவிப்பு, பெயர் பதிவு, பணம், வெள்ளி இரவு பஸ். ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்திராதவர்கள் மலையடிவாரத்தில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். இதைக் குறை என்று மட்டும் பார்க்கக் கூடாது. கல்லூரி முடித்து வேலைக்குப் போன பெண்கள் மலையேற வழி திறந்ததே இந்தக் குழுக்களால்தான். பழைய அமைப்புகள் அவர்களுக்கு ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனால் சாரணர் விதிகளில் அலுப்பூட்டியவை அநேகமாக வழியிலேயே உதிர்ந்துபோயின.

கூடவே ஒரு காலக்கட்டாயமும் ஒட்டிக்கொண்டது. வெள்ளி இரவு கிளம்பினால் சனி ஏற்றம், ஞாயிறு இறக்கம், ஞாயிறு இரவு பஸ், திங்கள் அலுவலகம். சூரிய உதயம் பார்த்து, காலைச் சாப்பாடு முடித்து, படம் எடுத்து, கிளம்பும்போது பத்தாகிவிடும். பிறகு இறக்கத்தின் நடுப்பகுதி தானாகவே பகல் 12-க்கும் 4-க்கும் இடையில் விழும். வார இறுதி மலையேற்றங்கள் பெரும்பாலும் இந்த வார்ப்பில்தான் நடந்தன, இன்றும் நடக்கின்றன. மார்ச்சில் அந்த நான்கு மணி நேரம்தான் மலைச்சரிவில் இருக்கக் கூடாத நேரம்.

புல் எப்படி எரிகிறது

வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்கிறது. ஜனவரிப் பனியில் உச்சிப்புல் கருகுகிறது. பிப்ரவரி வெயிலில் தாள் காய்ந்து, மார்ச்சில் சரிவு முழுக்க இடுப்புயர வைக்கோல் நிற்கிறது. சோலைக்காட்டுக்குள் ஈரம் இருக்கும், தீ எளிதில் நுழையாது. புல்சரிவில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

முதலாவது ஈரம். மெல்லிய புல் காற்றின் ஈரத்தை ஒரு மணி நேரத்துக்குள் வாங்கிக்கொள்ளும், அதே வேகத்தில் விட்டும்விடும். காலை ஏழு மணிக்குப் பனி நனைத்த புல்லில் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டால் அணைந்துவிடும். பகல் ஒரு மணிக்கு அதே புல்லுக்கு ஒரு பீடித்துண்டு போதும். காலையில் அந்தப் பாதையில் நடந்தவருக்கு ஆபத்தே தெரிந்திருக்காது. அந்த நம்பிக்கையோடுதான் மதியம் இறங்குவார்.

இரண்டாவது சரிவு. சமதளத்தைவிடப் பத்து பாகைச் சரிவில் மேல்நோக்கிப் போகும் தீ ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகப் போகும். இருபது பாகையில் நான்கு மடங்கு, முப்பதில் எட்டு மடங்கு. காரணம் எளியது. சரிவில் சுடர் மேல்பக்கத்துப் புல்லின் மீதே சாய்கிறது. தொடுமுன்பே அதைக் காயவைத்துக் கொதிக்கவைத்துவிடுகிறது. மனிதக் கால்களுக்குக் கணக்கு நேர்மாறு. முப்பது பாகைச் சரிவில் பையோடு ஓடுகிறவர் ஒரு நிமிடத்தில் ஏறுவது சில பத்து மீட்டர். மேல்நோக்கி ஓடி ஜெயிக்க முடியாது.

மூன்றாவது காற்று. இரவில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே இறங்கும். வெயில் ஏறியதும் ஒன்பது, பத்து மணியிலிருந்து திசை மாறிக் கீழிருந்து மேலே வீசத் தொடங்கும். ஒன்றிலிருந்து நாலு மணிக்குள் அது உச்சத்தில் இருக்கும். ஆக, மதியம் இறங்குகிறவரை நோக்கித் தீ கீழிருந்து, காற்றையும் சரிவையும் ஒருசேரத் துணைக்கு வைத்துக்கொண்டு ஏறுகிறது. சரிவு வெளியே புடைத்திருந்தால் கீழே எரிவது கண்ணுக்குத் தெரியாது. புகை வரும், எவ்வளவு தூரத்தில் என்று தெரியாது.

நான்காவது பள்ளம். பயத்தில் மனிதர்கள் ஓடைப்பள்ளத்துக்குள் இறங்குகிறார்கள், தண்ணீர் இருக்கும், தீ வராது என்ற நினைப்பில். மார்ச்சில் சிற்றோடைகள் வறண்டிருக்கும். இருபுறமும் புல் சூழ்ந்த ஒடுக்கமான பள்ளம் வெப்பத்தை மேலே உறிஞ்சும் புகைபோக்கி போல வேலை செய்யும். குரங்கணியில் தீயைக் கண்டு சிதறி ஓடியவர்களில் பலர் பள்ளத்தில் விழுந்து சிக்கினார்கள்.

தடம் பிசகிய இடங்கள்

பாதை. அன்றைய அரசுத் தரப்பு விளக்கத்தின்படி, அனுமதி இருந்தது குரங்கணி – டாப் ஸ்டேஷன் பாதைக்கு, நடந்தது கொழுக்குமலைக்கு. இரண்டும் ஒரே அடிவாரத்தில் தொடங்குபவைதான், செக்போஸ்ட்டில் பார்த்தால் வித்தியாசம் சிறிதாகத் தெரியும். காட்டுக்குள் அது வேறு மலை, வேறு சரிவு, வேறு வனக்காவலரின் பீட் எல்லை. கீழே இருக்கும் காவலருக்கு எங்கோ புகை தெரிந்தால், அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று சொல்லக்கூடிய ஒரே காகிதம் அந்த அனுமதிச்சீட்டு. அதில் வேறு ஊர் எழுதியிருந்தால் தேடுகிறவர்கள் முதலில் வேறு திசைக்குப் போவார்கள். அனுமதிச்சீட்டை நுழைவுக் கட்டண ரசீதாகப் பார்க்கும் பழக்கம் நம் குழுக்களிடம் ஊறிப்போனது. வனத்துறைச் சோதனைச் சாவடிகளும் பல ஆண்டுகள் அதை அப்படித்தான் கிழித்துக் கொடுத்தன.

தலைக்கணக்கு. மலையில் சிக்கியவர்கள் எத்தனை பேர் என்பது அன்று இரவு முழுக்க மாறிக்கொண்டே இருந்தது. 36 என்றார்கள், பிறகு 39 என்றார்கள். இரண்டு குழுக்கள் ஒரே பாதையில் கலந்ததால் யார் எந்தப் பட்டியலில் என்பது உடனே தெளியவில்லை. மீட்பில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இரவில் மலையில் தேடியவர்களுக்குத்தான் தெரியும். எண் தெரியாதவரை தேடலை நிறுத்த முடியாது. எண் தவறாகக் குறைந்துவிட்டால், இருக்கும் ஆளை விட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள்.

வரிசையின் நீளம். ஒற்றையடிப் பாதையில் 39 பேர், ஆளுக்கு மூன்று மீட்டர் இடைவெளி என்றாலே முன்னவருக்கும் கடைசி ஆளுக்கும் நூறு மீட்டருக்கு மேல். உண்மையில் புதியவர்கள் கலந்த குழு அதைப்போல மூன்று நான்கு மடங்கு நீளும். வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் முன்னால் போகிறவர் பார்ப்பதைப் பின்னால் வருகிறவர் பார்க்க முடியாது. குரல் எட்டாது. முன்னவர் நிற்கும்போது பின்னவர் இன்னும் இறங்கிக்கொண்டிருப்பார். ஒரு பாதையில் ஒரு நேரத்தில் 12 முதல் 15 பேர் என்ற வரம்பு இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. அதற்கு மேல் ஒரே முடிவை எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்க வைக்க முடியாது.

நேரம். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் சொன்ன கணக்கு இன்னும் பயன்படுகிறது: 5 கி.மீ. நடைக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. ஆறு கி.மீ. தூரத்தில் 600 மீட்டர் ஏறினால் காகிதத்தில் 2 மணி 12 நிமிடம். புதியவர்கள், பாரம், வெயில் சேர்ந்தால் பாதியாவது கூட்ட வேண்டும், மூன்றேகால் மணிக்கு மேல் வரும். இறக்கம் வேகமாக இருக்கும் என்று நினைப்பது பெரிய தப்பு. செங்குத்தான, சரளை கிடக்கும் இறக்கத்தில் முட்டி வலிக்கிற ஒருவர்தான் மொத்தக் குழுவின் வேகம்.

இதில் அதிகம் பேசப்படாத ஒன்று: கொழுக்குமலை உச்சிக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப் பாதை இருக்கிறது. அங்கிருந்து பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடிக்கு இறங்கிவிடலாம். இரண்டு நாள் திட்டம் போடும்போதே இந்த ஜீப்புக்கான பணத்தை எல்லோரிடமும் வாங்கிக் கையில் வைத்திருக்கும் குழு, காலையில் கீழே புகை கண்டால் தயங்காமல் அந்தப் பக்கம் இறங்கும். பணம் இல்லாத குழு வந்த வழியே போகலாம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்ளும். மலையில் எடுக்கும் முடிவுகளில் பாதி, பணப்பையில் எடுக்கப்படுபவை.

தீ தெரிந்த பிறகு

காட்டுத்தீ அணைப்பவர்கள் நான்கு விஷயங்களை வேலை தொடங்குமுன் முடிவு செய்துகொள்வார்கள்: பார்த்து நிற்க ஓர் ஆள், பேச ஒரு வழி, ஓட ஒரு பாதை, ஒதுங்க ஓர் இடம். மலையேற்றக் குழுவுக்கும் இதுவே போதும். புல்சரிவில் நுழையுமுன், இங்கே தீ வந்தால் எங்கே போவோம் என்று தலைவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டம், வெறும் பாறை, வனத்துறை வெட்டிய தீத்தடுப்புக் கோடு, ஏற்கெனவே எரிந்து கறுத்த தரை, இவற்றில் ஏதாவது ஒன்று. எதுவுமே கண்ணில் படாத சரிவு என்றால் காலையில் மட்டும் கடக்க வேண்டிய சரிவு அது.

தீ கீழே என்றால் மேலே ஓடாதே, பக்கவாட்டில் நட. மேலேறும் தீயின் நெற்றி, அதாவது முன்முனை, குறுகலானது, இரு ஓரங்களும் மெதுவானவை. பக்கம் விலகினால் தப்பும் வாய்ப்பு அதிகம். புல் தீ ஓரிடத்தில் அதிக நேரம் நிற்காது. நெற்றி கடந்துபோக அரை நிமிடம்கூட ஆகாது, அதன் பிறகு அங்கே எரிய ஒன்றும் இருக்காது. கறுத்த தரைக்குள் போய்விட்டால் பெரும்பாலும் பிழைத்த மாதிரிதான். 1949-ல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் 13 தீயணைப்பாளர்கள் இறந்த நாளில், அவர்களின் தலைவர் தன் முன்னாலிருந்த புல்லுக்குத் தானே தீ வைத்து, எரிந்த தரையில் குப்புறப் படுத்துப் பிழைத்தார். மற்றவர்கள் அவர் சொன்னது புரியாமல் மேலே ஓடினார்கள். பயிற்சி இல்லாதவர்கள் எதிர்த்தீ வைக்க முயலக் கூடாது. ஆனால் கறுத்த தரை என்றால் என்னவென்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வேறு வழியே இல்லையென்றால்: பையை எறி. கேஸ் குப்பி, சானிடைசர் எல்லாம் அதில்தான் இருக்கும். புல்லைப் பிடுங்கி எறிந்து மண்ணை வெறுமையாக்கு. தீ வரும் பக்கம் காலை நீட்டிக் குப்புறப் படு, முகத்தை மண்ணோடு வை. வாயை உலர்ந்த பருத்தித் துணியால் மூடு. ஈரத்துணி நல்லது என்று பலர் நினைப்பார்கள். அனல் அடிக்கும்போது அந்த ஈரம் ஆவியாகி மூச்சுக்குழாயை வேகவைக்கும் என்று தீயணைப்புப் பயிற்சியில் எச்சரிக்கிறார்கள்.

உடை பற்றி ஒரு வார்த்தை. கடையில் மலையேற்ற உடை என்று விற்பதெல்லாம் பாலியெஸ்டர், நைலான். வியர்வை சீக்கிரம் உலரும், எடை குறைவு. 250 பாகை செல்சியஸைத் தாண்டியதும் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி கருகும், உருகாது. பிப்ரவரியிலிருந்து மே வரை புல்மலைப் பக்கம் போகும் பிள்ளைகளுக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்தி பேன்ட் என்று கறாராகச் சொல்லிவிடுவது நல்லது.

ஒன்பதின் கணக்கு

அன்று முதலில் மேலே ஓடியவர்கள் ஊர்க்காரர்கள். குரங்கணி மக்களும் பழங்குடி மக்களும் வனப் பணியாளர்களும் இருட்டில் டோலி கட்டிக் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தார்கள். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் வந்தன. இருட்டும் புகையும் சேர்ந்த மலையில் அவற்றால் செய்யக்கூடியது குறைவு. வானத்திலிருந்து தூக்குவது மறுநாள் வெளிச்சத்தில்தான் முழு வேகம் பிடித்தது. மார்ச்சில் இங்கே ஆறரைக்கு இருட்டிவிடும். மூன்று மணிக்குத் தீ என்றால் கையில் இருப்பது மூன்றரை மணி நேரம்.

அந்த நேரத்துக்கு மருத்துவக் கணக்கு ஒன்று உண்டு. தீக்காயத்தின் அளவை ஒன்பதின் மடங்கில் எடைபோடுவார்கள்: தலை 9 சதவீதம், ஒரு கை 9, ஒரு கால் 18, நடுவுடலின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18, மீதி 1. காயம்பட்டவரின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, ஏறத்தாழ 1 சதவீதம். பெரியவர்களுக்கு 20 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தநாளத்திலிருந்து நீர் கசிந்துகொண்டே போகும், ஊசி வழியாக ரத்தநாளத்தில் திரவம் ஏற்றியே ஆக வேண்டும். பல காலமாகப் பயன்படும் கணக்கு: எடை கிலோவில், அதைக் காயச் சதவீதத்தால் பெருக்கி, 4 மில்லியால் பெருக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 40 சதவீதக் காயம் என்றால் 9.6 லிட்டர், 24 மணி நேரத்தில். அதில் பாதி, 4.8 லிட்டர், முதல் எட்டு மணி நேரத்துக்குள். எட்டு மணி நேரம் என்பது மருத்துவமனைக்கு வந்ததிலிருந்து இல்லை, தீப்பட்ட நிமிடத்திலிருந்து. மூன்று மணிக்குச் சுட்டால் இரவு பதினொன்றுக்குள். சரிவிலிருந்து குரங்கணி, குரங்கணியிலிருந்து போடி, போடியிலிருந்து தேனி, தேனியிலிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை என்று நீளும் வழியில் அந்த எட்டு மணி நேரம் எப்படிக் கரையும் என்பதை வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தாலே தெரியும்.

கூட இருப்பவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் உண்டு. தண்ணீர் கிடைத்தால் சுட்ட இடத்தில் இருபது நிமிடம் ஊற்று. சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் இருக்கிறது. உடல் முழுக்கச் சுட்டவரை அப்படி நனைக்கக் கூடாது, உடல்சூடு இறங்கிவிடும். ஒட்டிய துணியைப் பிய்க்காதே. மோதிரம், வளையல், வாட்ச், ஷூவை வீங்குமுன் கழற்று. பேஸ்ட், இங்க், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர மூடு. நினைவோடு இருந்து வாந்தி இல்லையென்றால் ஓ.ஆர்.எஸ். மடக்கு மடக்காகக் கொடு. குரல் கம்மியிருந்தால், மூக்கு முடி கருகியிருந்தால், எச்சிலில் கரி வந்தால் அவரை முதலில் இறக்கு. வெளியே காயம் சின்னதாக இருந்தாலும் மூச்சுக்குழாய் வீங்கிக்கொண்டிருக்கும்.

பிறகு வந்தவை

அதே 2018-ல் தமிழக அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டன. காட்டுத்தீக் காலத்தில், பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, மலையேற்றத்தை நிறுத்திவைக்கும் நடைமுறை வந்தது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டதும் அந்தப் பக்கத்துப் பழைய முகாம் இடங்கள் வேறு சட்டத்தின் கீழ் போயின. 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு திட்டம் தொடங்கியது: 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்தில் பதிவு, உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகள். டோலி தூக்கிய ஊர்களின் பிள்ளைகளுக்கு வழிகாட்டிச் சம்பளம் கிடைப்பது இந்த மாற்றங்களிலேயே நியாயமானது.

ஆனால் சீட்டு கையில் இருப்பதாலேயே குழு ஒழுங்காகிவிடாது. சீட்டு பாதையையும் தேதியையும் எண்ணிக்கையையும் சொல்லும். பாதிவழியில் எண்ணிப் பார்ப்பதும், ஒன்பது மணிக்குக் கிளம்ப நினைப்பவர்களை ஆறுக்கே கிளப்புவதும் குழுவின் வேலை. மதுரைப் பக்கம் புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் முதல் ஆறு மாதம் இரவு முகாமே போடாமல் இருப்பது நல்லது. அனுமதி உள்ள இடத்தில் காலை ஆறு மணிக்கு ஏறி ஒன்பதுக்குள் இறங்கும் சின்ன நடைகள் பத்து நடத்தட்டும். ஒவ்வொன்றிலும் கடைசி ஆள் யார் என்பதை மாற்றி மாற்றிக் கொடுக்கட்டும். முன்னால் நடப்பவரைவிடக் கடைசியில் நடப்பவரைத் தேர்ந்தெடுப்பது கடினம். பொறுமையும் வேண்டும், நில் என்று சொல்லும் தைரியமும் வேண்டும்.

முகாமுக்கு வரும்போது தண்ணீர்க் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குடிக்க 4 லிட்டர், சமையலுக்கும் பாத்திரத்துக்கும் 2 லிட்டர். 12 பேருக்கு 72 லிட்டர், அதாவது 72 கிலோ. யாராலும் தூக்க முடியாது. ஆகவே தண்ணீர் இருக்கும் இடம்தான் முகாம், காட்சி அழகாக இருக்கும் இடம் இல்லை. நடக்கும்போது ஆளுக்கு 3 லிட்டர் போதும். ஓடைத் தண்ணீரைக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கொழுக்குமலை போல 2,000 மீட்டரைத் தாண்டிய இடத்தில் மூன்று நிமிடம். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். இரவுச் சோற்றுக்குத் தலைக்கு 125 கிராம் வீதம் ஒன்றரைக் கிலோ அரிசி, பருப்பு 600 கிராம். காலை உப்புமாவுக்கு ரவை 1.2 கிலோ. விறகு அடுப்பு கிடையாது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்திலேயே குற்றம்; கேம்ப் ஃபயர் படம் போட்டு முகாம் விளம்பரம் செய்கிறவர்களை அதோடு ஒதுக்கிவிடலாம். பையின் எடை ஆளின் எடையில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது, 45 கிலோ பையனுக்கு 9 கிலோ.

கடைசியாக அந்தக் காகிதம். ஒரே பக்கம், மூன்று பிரதி. பெயர், வயது, ரத்த வகை, வீட்டு போன், மருந்து ஒவ்வாமை. அனுமதிச்சீட்டில் உள்ள பாதையின் பெயர் எழுத்துப் பிசகாமல். கிளம்பும் நேரம், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எதிர்பார்க்கும் நேரம், திரும்பிவிட வேண்டிய கடைசி நேரம். ஒரு பிரதி செக்போஸ்ட்டில், ஒன்று தலைவரிடம், ஒன்று மதுரையில் இருக்கும் ஒருவரிடம். மதுரையில் இருப்பவருக்குச் செய்தி தெளிவாக இருக்க வேண்டும்: மூன்று மணிக்குள் போன் வரவில்லையென்றால் அடிவாரத்துக்குப் பேசு, நாலரை வரை தகவல் இல்லையென்றால் வனத்துறைக்கும் 112-க்கும் பேசு. இருட்டும்வரை பார்ப்போம் என்று காத்திருக்க அவருக்கு அதிகாரம் இல்லை. இறங்கியதும் தலைவர் தன் பிரதியை விரித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து டிக் போட வேண்டும். கடைசியில் நடந்தவர் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்ட பிறகுதான் டீ சொல்வது.